ஐந்து நிமிடம் அசையாமல்

“கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கும் ஒரு பாய் போடுங்க. நம்ம எல்லாரையும் விட அவங்க இடுப்புக்குத்தான் இது வேணும்.”

யோகா ஆசிரியையிடம் கேட்டேவிட்டாள் அவள். எதை வேண்டுமானாலும் கேள், எனக்கென்று மட்டும் எதையும் கேட்டுவிடாதே என்று முந்தின நாள்தான் அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். “உங்க ஆபீஸ் ஆளுங்க முன்னாடி என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதே, தாயே.”

அன்று அலுவலகமே வகுப்புக்கு வந்திருந்த அந்த யோகா கூடத்தைத் துடைக்கிறவள்தான் அவளைப் பெற்றவள். அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் விசாரித்தபோது, “அம்மா வீட்லதான் சார் இருக்காங்க” என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். பெற்றவளை மறைத்த முதல் ஆளும் அவள்தான்.

“நல்ல மனசும்மா உனக்கு” என்றார் மேலாளர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஆசிரியை இன்னொரு பாயை விரித்தார். அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். போகிற போக்கில் மகளின் முழங்காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்து, “இப்படி வச்சா வலிக்காது மேடம்” என்றாள்.

மேடம்! பெற்ற மகளை.

“காலை நீட்டி முன்னால குனியுங்க. தசைக்கு அடியில, மூட்டைச் சுத்தி வலை மாதிரி இணைப்புத்திசு இருக்கு. அதை வெடுக்குனு இழுத்தா இளகாது. அஞ்சு நிமிஷம் அசையாம இருங்க” என்றார் ஆசிரியை.

ஐந்து நிமிடம் கழித்து, நிமிரலாம் என்பதற்கு அடையாளமாக வெண்கல மணியைத் தட்டினார். ஆறு வருஷமாக அந்த மணி அம்மாவுக்கு ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறது: வகுப்பு முடிந்தது, வந்து எடுத்து வை. அம்மா துள்ளி எழுந்தாள். பக்கத்திலிருந்த மேலாளரின் தலையணையைச் சடக்கென்று உருவினாள். அவர் முழங்கால் தொப்பென்று தரையில் விழுந்தது. அடுத்து காசாளரம்மாவுடையது. மூன்றாவதில் கை வைத்தபோதுதான் வேறு யாரும் எழவில்லை என்று கண்டாள்.

“ஐயோ, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா!” என்றார் ஆசிரியை.

“இந்த வேகம் நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்காவது இருக்கா?” என்றார் மேலாளர். கூடமே சிரித்தது.

அவளும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தாள்.

அம்மா அவளை ஒரு தடவை பார்த்தாள். கோபமே இல்லை. சொன்னபடி நடந்துகொண்டாயே என்கிற நிம்மதிதான் இருந்தது.

“எனக்கு வேலை கிடக்குங்க.” உருவிய தலையணைகளை அதது இடத்தில் வைத்துவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனாள் அம்மா.

“நீ நல்லதுதான் நினைச்சே. அவங்களுக்குப் பழக்கமில்ல, என்ன பண்றது?” என்று தேற்றினார் காசாளரம்மா.

மறுபடி குனிந்தார்கள். வெளியே வாளி நகரும் சத்தம் கேட்டது. அம்மாவும் இப்போது இதே வளைவில்தான் குனிந்திருப்பாள். அவள் நிமிர மணியடிக்க அங்கே ஆளில்லை.

“வலிக்குதுன்னு எழுந்து ஓடாதீங்க” என்றார் ஆசிரியை.

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள்.

“எங்கேம்மா கிளம்பிட்டே?” என்றார் மேலாளர்.

“எங்கம்மாகிட்ட சார். இப்ப சிரிச்சோமே, அவங்கதான். வீட்ல இருக்காங்கன்னு நான் சொன்னது பொய். கூட சேர்ந்து சிரிச்சது அதைவிடக் கேவலம்.”

பதிலுக்கு நிற்கவில்லை. கதவைச் சாத்தாமலே வெளியே நடந்தாள்.