இரண்டாவது கியர் கேட்கும் சத்தம்

ஜெயசுந்தரியிடம் கார் லைசென்ஸ் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவள் ஓட்டியது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குப் பேகம்பேட்டை மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சிலாஸ் அதற்கும் மேலே கத்தினார். அவள் சாவியை உருவி அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தவள்தான். அதற்குப் பிறகு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போவதும் வருவதும் கியர் இல்லாத ஸ்கூட்டரில்தான்.

போன ஜூலையில் ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்த சிலாஸின் இடது கண்ணில் ஓரமாக ஒரு கறுப்புத் திரை இறங்கியது. விழித்திரை விலகியிருக்கிறது என்றார் டாக்டர். மறுநாளே ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை வைத்திருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமானால் இரண்டு வாரம் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும். சாப்பாடும் குனிந்துதான், தூக்கமும் குப்புறத்தான். மூன்று மாதத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது.

முதல் பரிசோதனைக்கு வாடகைக் காரில் போனார்கள். டிரைவருக்கு என்ன அவசரமோ, ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைத் தூக்கிப் போட்டான். சிலாஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தக் கைகள் இறுகியதை ஜெயசுந்தரி வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் பூனாவிலிருந்து மகன் பிளஸ்ஸன் போன் செய்தான். "மம்மி, அடுத்த தடவைக்கு நானே நல்ல கேப் புக் பண்றேன். டென்ஷனே வேணாம், நக்கோ."

"கேப் நக்கோ," என்றாள் அவள். "நம்ம கார்லயே போறோம். நான் ஓட்டுறேன்."

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த சிலாஸ் தலையணைக்குள்ளிருந்தே பேசினார். "சுந்தரி, அது கியர் வண்டி. உன் ஸ்கூட்டர் மாதிரி இல்ல."

"தெரியும். கத்துக்கறேன். இன்னும் ஒம்பது நாள் இருக்கே."

"யாரு சொல்லித் தருவா?"

"நீங்கதான்."

"நான் தரையத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்?"

"அதுதான் எனக்கு நல்லது," என்றாள்.

தலையணைக்குள் சிலாஸ் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு எதிரேயே அவர்களுடைய சர்ச். காம்பவுண்டுக்குள் பெரிய மண் மைதானம். காலை ஆறு மணிக்கு அங்கே வண்டி ஓட்டிப் பழகிக்கொள்ள ஆயர் அனுமதி கொடுத்தார். மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துச் சிலாஸ் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தன் செருப்பும் அதைச் சுற்றி ஓடிய எறும்புகளும்தான். ஆனால் முப்பது வருடம் கியர் வண்டி ஓட்டிய காது அவருக்கு இருந்தது.

முதல் நாள் வண்டி எட்டுத் தடவை குலுங்கி அணைந்தது.

"கிளட்ச்ச மெதுவா விடு," என்றார்.

"மெதுவாத்தான் விடறேன்."

அடுத்து வரப்போவது அந்தப் பழைய கத்தல்தான் என்று அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். சிலாஸோ யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகத் தன் கால் என்ன செய்கிறது என்று அவர் ஒரு நாளும் கவனித்ததே இல்லை.

"ஒண்ணு பண்ணு. ஆக்சிலரேட்டரத் தொடவே தொடாத. பிரேக்ல கால் இருக்கட்டும். கிளட்ச்ச மட்டும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வா. ஒரு எடத்துல எஞ்சின் சத்தம் கம்மும். அங்க கால நிறுத்திடு."

அவள் விட்டுக்கொண்டே வந்தாள். எஞ்சினின் குரல் மெல்ல இறங்கியது. இடது பாதத்துக்கடியில் ஒரு சின்ன நடுக்கம்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதான் எடம். இப்ப பிரேக்க விடு."

வண்டி தானாக நகர்ந்தது, குலுங்காமல், தூங்கி எழுந்த மாடு நடப்பதைப் போல. ஜெயசுந்தரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மைதானத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றி அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மறுநாளிலிருந்து கியர். அவள் சுற்றிச் சுற்றி வருவாள். எஞ்சின் இரைய ஆரம்பித்தால் சிலாஸ் தலை தூக்காமல் கையை மட்டும் உயர்த்தி இரண்டு விரலைக் காட்டுவார். "இரண்டாவது கேக்குது, கேளு." வண்டி முனகினால் ஒரு விரல். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாக ஆல்ட்டோ என்னும் தாழ்குரல் பகுதியைப் பாடுகிறவள் அவள். எங்கே மூச்சை எடுத்து எங்கே உள்ளே நுழைய வேண்டும் என்பது அவள் காதுக்குத் தெரியும். கிளட்ச்சை மிதித்து, கியரைத் தள்ளி, காலை எடுக்கும்போது இரைச்சல் அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு போகிற அந்த ஒரு நொடிக்காகவே இன்னும் ஒரு சுற்று போகலாம் போலிருந்தது. ஐந்தாம் நாள் சிலாஸின் கை பாதி உயர்ந்து அப்படியே இறங்கிவிட்டது. அவர் காட்டுவதற்கு முன்பே அவள் மாற்றியிருந்தாள்.

பரிசோதனை நாள் வந்தது. சிலாஸ் பக்கத்து இருக்கையில் மடியில் தலையணையோடு குனிந்து உட்கார்ந்தார். வீடு இருக்கும் மாரேட்பள்ளியிலிருந்து பஞ்சாரா ஹில்ஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் வழி முழுவதையும் அவள் அவருக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். "இப்ப ஒரு வேகத்தடை வருது, பிடிச்சுக்கோங்க." இரண்டாவது கியருக்கு இறக்கி, தொட்டில் ஆட்டுவதுபோல் ஏற்றி இறக்கினாள். "முன்னாடி ஆர்டிசி பஸ் நிக்குது. சுத்திப் போறேன்."

பஞ்சாரா ஹில்ஸ் ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. பச்சை வந்து கிளம்பும்போது வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் ஒன்று, இரண்டு, பிறகு எல்லா ஹார்னும். பக்கத்தில் அவர் மூச்சை இழுப்பது கேட்டது.

"சுந்தரி," என்றார் சிலாஸ். குரல் தாழ்வாக இருந்தது. "நமக்கு ஒரு அவசரமும் இல்ல. ஹேண்ட்பிரேக் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு."

செய்தாள்.

"கிளட்ச் எடத்துக்கு வரட்டும். கொஞ்சம் ஆக்சிலரேட்டர். கால்ல நடுக்கம் தெரிஞ்சதும் ஹேண்ட்பிரேக்க எறக்கு."

வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. முன்னால் ஏறியது.

திருப்பம் தாண்டியதும் அவர் தலையணையைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு மேம்பாலத்துல நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"நீங்க பயந்துட்டீங்க."

"ஹவ், ஆமா, பயந்தேன். அத உன் தலைமேல போட்டுட்டேன். பதினொரு வருஷம் வண்டி ஓட்டுற சந்தோஷத்த உனக்கு இல்லாமப் பண்ணிட்டேன்."

எஞ்சின் மூன்றாவது கேட்டது, போட்டாள். பிறகு கியர் மேலிருந்த கையை எடுத்து ஒரு கணம் அவர் தோளில் வைத்தாள்.

விழித்திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். இனித் தலையை நிமிர்த்தலாம். சிலாஸ் எழுந்து நின்று அவருக்குக் கைகூப்பினார். வெளியே வந்ததும் நிமிர்ந்து, கட்டுப் போடாத வலது கண்ணால் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு வாரமாக அவள் பாதங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்.

"தேங்க்ஸ் சுந்தரி," என்றார்.

"நான்தான் சொல்லணும்," என்றாள் அவள். காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்புவதற்கு முன் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். கண்ணுக்காக, டாக்டருக்காக, ஆயர் கொடுத்த மண் மைதானத்துக்காக. கடைசியில், இத்தனை வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட தன் இடது காலுக்காகவும்.

அக்டோபரில் சிலாஸ் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஷாமீர்பேட்டை ஏரிக்குக் கிளம்பினார்கள். சிலாஸ் நேராகப் போய்ப் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். ஊர் தாண்டியதும் சாலை விரிந்தது. ஜெயசுந்தரி நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு மாற்றினாள். இருபுறமும் மழையில் நனைந்த பாறைகள் பின்னால் போயின. ஏரிக்கரையில் சுட்ட மக்காச்சோளம் வாங்கித் தின்றார்கள்.

"திரும்பலாமா?" என்றார் சிலாஸ்.

"ரோடு நல்லாருக்கு. இன்னும் கொஞ்ச தூரம் போய்ட்டு வரலாம்ங்க."

"போ," என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிக்கொண்டார்.