மாமனாரோடு பறவை பார்க்கப் போனது

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது; மழையும் கூடவே வந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மழையோடு சண்டை எதுவும் இல்லை. இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்றிருந்தான். மனைவி விடவில்லை.

"அப்பாவைக் கூட்டிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க. பெயிண்ட் அடிக்கிற நேரத்துல ரெண்டு பேரும் காலுக்குள்ள வந்து நிக்காதீங்க."

பெயிண்ட் அடிப்பது பின்னறைக்கு. பின்னறை மாமனாருக்கு. மாமியார் போன பிறகு தன் வீட்டில் தனியாக இருந்தவரை, போன தடவை இங்கே வந்திருந்தபோது, "இனிமே எங்களோடயே இருந்துடுங்க மாமா" என்று கூப்பிட்டவனே இவன்தான். அவர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து தலையாட்டினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை? கிடையாது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரீஸ் கையோடு வீடு திரும்புகிற மாப்பிள்ளையோடு பேச என்ன இருக்கிறது என்று நினைக்கிறார் போலும். கேட்டதற்குப் பதில் வந்தால் அன்றைக்கு அதிசயம்.

அப்படித்தான் ஏரிக்கரையில் நடந்த பறவை பார்க்கும் நடைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் சீட் பெல்ட் போடச் சொல்லியே அவனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

வழிகாட்டி, கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண். ஒரே நிறத்தில் ரெயின்கோட் போட்ட கணவன் மனைவியும் வந்திருந்தார்கள். கரையெல்லாம் சேறு. இவனுடைய இடது ஷூவுக்குள் தண்ணீர் குடியேறியிருந்தது. இளவேனிலாம். மரத்தில் துளிர் இருந்ததே தவிர, குளிர் போன பாடில்லை.

"அந்த நாணலுக்குள்ள பாருங்க" என்று வழிகாட்டி கிசுகிசுத்தாள். ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றது.

"நாளைக்குள்ளயா? எதுக்கு நாளைக்கு? இப்பவே பார்ப்போமே!" என்றார் மாமனார், நீதிமன்ற வராந்தா முழுக்கக் கேட்கும் குரலில். நாரை எழும்பிப் போய்விட்டது.

ரெயின்கோட் தம்பதி இவனைத்தான் முறைத்தார்கள். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமா, மெல்லப் பேசுங்க" என்றான்.

"செல்லுல யார்கிட்ட பேசணும்?"

வேண்டுமென்றே பண்ணுகிறார் என்று அவனுக்குத் தோன்றியது. மானத்தை வாங்க வேறு நாள் கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினாள். "இங்க ஒரு கதிர்க்குருவி இருக்கு. கண்ணுக்குச் சிக்காது, குரல்தான் கேக்கும். எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. கேட்டா கையைத் தூக்குங்க."

இவனும் மூடினான். மூக்கு நுனியில் மழை சொட்டியது. புதருக்குள்ளிருந்து சின்னதாக ஒரு கீச்சு. கையைத் தூக்கியவன், மாமனார் அடுத்து என்ன கூத்து அடிக்கிறாரோ என்று ஒரு கண்ணை லேசாகத் திறந்தான்.

அவர் கண்ணை மூடவே இல்லை. மற்றவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாக் கையும் மேலே போனதைக் கண்டு அவசரமாகத் தன் கையையும் தூக்கினார். குருவி ஓய்ந்தது, கைகள் இறங்கின. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வழிகாட்டி நழுவிய தொப்பியைச் சரிசெய்யக் கையை உயர்த்தினாள். உடனே மாமனாரும் கை தூக்கி, "ஆஹா, என்ன குரல்!" என்றார்.

இவன் மற்ற கண்ணையும் திறந்தான்.

மழை வலுத்ததும் எல்லோரும் பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக்கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அவரை மூலை பெஞ்சில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டான்.

"மாமா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் அவன் உதட்டையே பார்த்தார். "கேக்குதே. சின்னச் சத்தம்தான் சரியாக் கேக்க மாட்டேங்குது."

"ஏன் சொல்லலை?"

"ஜட்ஜ் முணுமுணுக்கிறதைக்கூட எழுதினவன்னு பேர் எனக்கு. இப்ப போய் செவிடுன்னு சொல்லிக்கச் சொல்றீங்களா? அதுவும் உங்க குரல் இருக்கே மாப்பிள்ளை, அடித்தொண்டையிலயே நின்னுடும். ஒண்ணும் பிடிபடாது. தலையாட்டி வச்சிடுவேன்."

"நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன்!"

"ஆரம்பத்துல அதுவும் இருந்துச்சு" என்றார், மறைக்காமல்.

சட்டென்று அவனுக்குப் பகீரென்றது. "எங்களோடயே இருக்க வாங்கன்னு கூப்பிட்டேனே, அப்ப தலையாட்டினீங்களே?"

"அப்படியா கேட்டீங்க? டீ வேணுமான்னு கேக்குறீங்கன்னு நினைச்சேன். டீயும் வரலை."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அங்க உங்க பொண்ணு உங்களுக்குன்னு ரூம் ரெடி பண்ணிட்டிருக்கா மாமா!"

"என்ன ரூம்?"

இனிப் பொறுக்க முடியாது. எழுந்து நின்று, கொட்டகையே அதிரக் கத்தினான். "மாமா! எங்க வீட்டுக்கே வந்து இருக்கீங்களா?"

தண்ணீரிலிருந்த வாத்துகள் மொத்தமும் படபடவென்று எழும்பின. ரெயின்கோட் அம்மாள், "பறவை பார்க்க வந்தீங்களா, பஞ்சாயத்துக்கு வந்தீங்களா?" என்று சீறினாள். வழிகாட்டி மட்டும் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"வர்றேன்" என்றார் கடைசியில். "ஆனா கேட்டது நீங்கதானே? அவ சொல்லிக் கேக்கலையே?"

"நானேதான்!" என்று மறுபடி கத்தினான்.

"சரி, சரி. ஏன் கத்துறீங்க? பக்கத்துலதானே இருக்கேன்."

இந்த ஆளோடு ஒரே வீட்டில் ஆயுளை ஓட்ட வேண்டும். அவனுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. விடுமுறை முடிந்ததும் முதல் வேலை காது டாக்டர்தான் என்று உரக்கச் சொன்னான், அவர் தலையாட்டினார். அதை நம்பாமல், என்ன சொன்னேன் என்று அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்த பிறகுதான் குடையை விரித்தான்.