வீடியோவின் ஞானத்தாய்

நாற்பத்தாறு வயதிற்குள் ஹெர்மினியா பதினொரு திருமணங்களில் ஞானத்தாயாக, அதாவது ஏதேனும் ஒரு பொருளின் செலவை ஏற்று முறைசெய்பவளாக, விளங்கியிருந்தாள். அவற்றுள் நான்கில் மணமக்கள் முழங்காலிடும் திண்டுகளுக்கு, இரண்டில் பலூன்களுக்கு, எஞ்சியவை அனைத்திலும் காகிதக் கைக்குட்டைகளுக்கு. மோதிரம், கேக், வீடியோ ஆகிய பெரும் பொறுப்புகளை அத்லிஸ்கோ நகரத்தார் தம்பதிகளுக்கே அளிப்பர். துணையில்லாதவளுக்குக் கைக்குட்டைதான்.

ஆதலால், தங்கை மகள் யாரேலி, “பெரியம்மா, எங்க கல்யாண வீடியோவுக்கு நீங்கதான் ஞானத்தாய்” என்றபோது, ஹெர்மினியா தன் நாற்றுப்பண்ணையில் நீர்க்குழாயைப் பிடித்தபடியே குதித்தாள். இருவரும் நனைந்தனர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மணமகள் வீட்டு முற்றத்தில் படப்பிடிப்பாளர் சாயோ குறிப்பேட்டைத் திறந்தாள். வீடியோ எவ்வாறு தொடங்கவேண்டும் என்று ஹெர்மினியா விளக்கிக்கொண்டிருக்கையில், ஈரத்தலையை வழித்துச் சீவிய ஒருவர் கையில் தாளுடன் உள்ளே நுழைந்தார். அவர் மணமகனின் மாமா நிக்கானோர், சிற்றுந்து ஓட்டுநர்.

“வீடியோவோட ஞானத்தந்தை வந்தாச்சு! ஆரம்பிக்கலாமா?”

மணமகனின் தாய் எனெதினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, ஞானஸ்நான விருந்துல மூணாவது கிளாஸ் தெக்கீலாவோட இவன்கிட்ட கேட்டுத் தொலைச்சேனே! சுத்தமா மறந்துட்டேன்.”

“ரெண்டு பேரும் ஆளுக்கொரு கேமரா வச்சுக்கட்டும்” என்றாள் யாரேலி.

“பங்குச் சாமியார் கோயிலுக்குள்ள ஒரே கேமராதான் விடுவார். வீடியோவுக்குன்னு பீடத்துக்கு நடந்து போறதும் ஒரே ஜோடிதான்” என்றாள் சாயோ.

பீடம் வரையிலான அந்த நடைக்காகவே ஹெர்மினியா நீலப் பட்டுடை தைக்கக் கொடுத்திருந்தாள். “அப்போ சம்பந்தி பலூனை எடுத்துக்கட்டும்.”

“எனக்கு ரத்தக் கொதிப்பு சம்பந்தியம்மா, ஊதக்கூடாது. நீங்க வேணா கைக்குட்டை...”

“இன்னொரு தடவை கைக்குட்டைன்னீங்க, உங்க வண்டில ஒரு டயர்ல காத்து இருக்காது!”

சாயோ பேனாவைக் கடித்தாள். “மாமா, உங்களுக்கு வீட்டம்மா?”

“இறந்து ஆறு வருசமாச்சு.”

“அப்புறம் என்ன? ரெண்டு பேரும் சேர்ந்தே இருங்க. கல்யாணமா பண்ணிக்கச் சொல்றேன்? கைகோத்து நாப்பது அடி நடக்கணும், அவ்வளவுதான்.”

“ஊர் வாயை யார் மூடுறது?” என்றாள் ஹெர்மினியா. எனினும் அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது என்று கேட்டுவைத்தாள்.

நிக்கானோர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். முதலாவதாக, மணமக்கள் பூக்கள் மூடிய சிற்றுந்தின் கூரைமேல் வரவேண்டும்.

“எந்தப் பூ?”

“செவ்வந்தி.”

“செவ்வந்தி நம்ம ஊர்ல செத்தவங்களுக்கு வைக்கிறது! நான் கிளாடியோலா தர்றேன், இருநூறு தண்டு.”

“அப்போ கூரை தாங்காது, பொண்ணை உள்ள உக்கார வைக்கணும்.” தொடர்ந்து படித்தார். பெண்கள் பாம்பாகக் கோத்து ஓடி மணமகளை நாற்காலியிலிருந்து தள்ளப்பார்க்கும் ஆட்டத்தை, தரையில் படுத்துக்கொண்டு எடுக்கவேண்டுமாம்.

“மிதிச்சுத் துவைச்சுருவாளுக” என்ற ஹெர்மினியாவுக்குத் திடீரெனப் பொறி தட்டியது. “சமைக்கிறதுக்கு முன்னால வான்கோழியைத் தூக்கிட்டு ஆடுவாங்களே, அந்த வான்கோழி கழுத்துல கேமரா கட்டுனா?”

“வான்கோழி பார்வையில கல்யாணம்!” நிக்கானோர் தொடையைத் தட்டினார். “கொழம்புச் சட்டி வரைக்கும் எடுக்கலாம்!”

“அட பாவி மனுசா, கடைசிக் காட்சி கண்ணீரா போயிருமே!”

இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தனர். சாயோ எழுதுவதையே நிறுத்திவிட்டாள். “கோயில் வளாகத்துக்கு வாங்க, நடந்து பாத்துரலாம்” என்றாள்.

வளாகத்தில் சாயோ கேமராவுடன் பின்னோக்கி நடக்க, ஹெர்மினியா நிக்கானோரின் கையைப் பற்றினாள். அவர் நெரிசலில் வண்டி ஓட்டுவதுபோல் நின்றும் பாய்ந்தும் நகர்ந்தார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“பிரமாதம்! முடிஞ்சுது” என்றாள் சாயோ.

“இன்னொரு தடவை. சம்பந்தி வேகமா நடந்துட்டார்” என்றாள் ஹெர்மினியா.

இரண்டாம் முறை அவர் மெதுவாக நடந்தார். தான் கண் சிமிட்டிவிட்டதாக அவள் குறை கூறினாள். மூன்றாம் முறை வெயில் சரியில்லை. நான்காம் முறை அவரே, “என் காலர் மடங்கிருச்சு, செல்லாது” என்றார்.

ஐந்தாம் நடை முடிந்தபோது சாயோ படிக்கட்டில் அமர்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கேமரா பைக்குள் இருந்தது.

“இப்ப என்ன தப்பு, சம்பந்தியம்மா?” என்று நிக்கானோர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஹெர்மினியா யோசித்தாள். எந்தத் தப்பும் அகப்படவில்லை. பிடித்த கையை விடாமலேயே அவரை நடை தொடங்கும் வாயிற்பக்கம் திருப்பினாள்.

“பேசாம நடங்க.”