வெளியே பூட்டிய வீடு

கிரில் கேட்டைக் கழற்றினால்தான் ஐஸ் பெட்டி உள்ளே போகும் என்றார்கள். தினேஷ் ஸ்பேனரோடு குனிந்து நட்டைத் திருகினான். அவன் மனைவி ஷாரோன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்டின் கவுன்சிலர் அவள். கேட் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. போடச் சொன்னவளும் அவள்தான்.

உள்ளே பாயில் அவளுடைய அப்பா அப்பாதுரை கிடந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்ததால், ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் இருந்தது முகம்.

எல்லாம் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் ஆரம்பித்தது. அதன் கழிவு குடிநீர்க் குழாயில் கலந்து, நாலு தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஷாரோன் புகார் கொடுத்தாள். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். மறுநாளே, தேர்தலின்போது அவள் கொடுத்திருந்த வேட்புமனுவின் ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. 'வேலை போனவங்க இந்த வூட்ல போய் சோறு கேளுங்க' என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள்.

வந்தார்கள். சாப்பிடும் நேரத்தில் வந்தார்கள், விடிவதற்கு முன்பே வந்து கதவைத் தட்டினார்கள். ஒருநாள் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பள்ளி விட்டு வந்த மகளை யாரோ தெருமுனையில் போட்டோ எடுத்தார்கள். இணையத்தில் போட்டிருந்த அந்த மனுவிலிருந்து முகவரியை மட்டுமாவது எடுக்க முடியுமா என்று ஷாரோன் தேர்தல் அலுவலகத்தில் போய்க் கேட்டாள்.

"எல்லாரும் பாக்கணும்னுதானேம்மா அத போடறது" என்றார் அங்கிருந்தவர். அவருக்கும் வருத்தம்தான் போலிருந்தது.

அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தார். வந்தவர்களை உட்காரச் சொன்னார். கத்தி முடித்ததும் தண்ணீர் கொடுத்தார்.

"ஏம்ப்பா தொறக்கற? கத்திட்டுப் போவட்டும், வுடேன்."

"ஓட்டு கேக்க நீ அவங்க வூட்டுக்குப் போனியே. அப்ப தொறந்தாங்க இல்ல?"

"உனக்கு நெஞ்சு வலி இருக்குதுப்பா. எவனாவது புடிச்சித் தள்ளிட்டா?"

"பேசிக்கினு இருக்கற ஆள எவன்மா தள்ளுவான்?"

அதன்பிறகுதான் அவள் கேட் போட்டாள். செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அதை வெளியே பூட்டினாள். அப்பா கம்பிகளுக்குப் பின்னால் நின்றார்.

"ஒரு சாவிய உள்ள வச்சிட்டுப் போம்மா."

"வச்சா நீ தொறப்ப."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் முடிந்து பார்த்தபோது போனில் பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. எதிர்வீட்டுக் காந்தா நாலு முறை. மற்றதெல்லாம் தெரியாத ஒரே நம்பரிலிருந்து. அப்பா ஒருமுறைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

பூட்டை உடைத்தவர் ராமலிங்கம். பட்டறையில் சாயம் தோய்க்கிறவர். அன்றும் சத்தம் போடத்தான் வந்திருந்தார். கம்பி வழியே அப்பா தரையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் காந்தாவைக் கூப்பிட்டார். கடப்பாரை தேடி, பூட்டை நெம்பி, அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் போடுவதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், ஷாரோனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இப்போது ஐஸ் பெட்டி உள்ளே போனது. பாஸ்டர் வந்தார். வீடு கொள்ளாமல் ஆட்கள் தெருவில் நின்றார்கள். எதிர்ப்பக்கம், மின்கம்பத்தை ஒட்டி, ராமலிங்கம் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். ஷாரோன் அவரிடம் போனாள்.

"உள்ள வாங்கண்ணா."

"இருக்கட்டும்மா. இங்கயே நிக்கறேன்."

"நேத்து எனக்கு போன் பண்ணது நீங்களா?"

"ஆமாம்மா. உங்க நம்பர்தான் எல்லார்கிட்டயும் இருக்குதே."

அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் ஊதா ஏறியிருந்தது.

"அப்பா ஏதாவது சொன்னாராண்ணா?"

ராமலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டோல என் கையப் புடிச்சிக்கினே வந்தாரு. நான் போன எடுத்தா, 'வாணாம்பா, பொண்ணு மீட்டிங்ல இருக்குது, பயந்துடும்'னாரு. நான்தான் கேக்காம உங்களக் கூப்டேன்."

ஷாரோன் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். அவரும் தெருவிலேயே செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்.

உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. சாயங்கால வெயில் வாசல் வழியாக நுழைந்து, பெட்டியின் கண்ணாடி மீது நேராக விழுந்தது. அப்பாவின் கண்ணிமைகள் அதில் கூசுவதுபோல் இருந்தன. ஷாரோன் இரண்டடி நகர்ந்து வெயிலுக்குக் குறுக்கே நின்றாள். நிழல் பாதி முகத்துக்குத்தான் எட்டியது. ராமலிங்கம் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.