மேட்டில் மட்டும் படுத்த கார்

என் மச்சானுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அவரே சொல்லியிருக்கிறார்.

அக்கா ஓட்டினால் கார் மேட்டில் இழுக்காமல் படுத்துவிடுகிறதாம், அவர் ஓட்டினால் பறக்கிறதாம். ஆகவே கோளாறு அக்காவின் காலில்தான் என்று தீர்ப்புச் சொல்லி, சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி அவள் பிள்ளைகளோடு நடந்துதான் நீச்சல் வகுப்புக்குப் போக வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு என்னிடம் முத்திரை வாங்கவே காரை என் மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

வந்த ஆத்திரத்துக்கு ஸ்பேனரைத் தூக்கியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கோளாறு காட்டும் ஸ்கேனரை எடுத்து மாட்டினேன். இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை என்று ஒரு பழைய பதிவு இருந்தது. ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒழுங்காகத்தான் திறந்து மூடியது. மச்சானை ஓட்டச் சொல்லி நானும் கூடப் போனேன். இன்ஜின் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் திரையில் ஜோடியாக ஏறின. கார் மேட்டில் ஜம்மென்று போனது.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார்.

"அக்கா ஓட்டும்போது வண்டில யார் யார் இருப்பாங்க?"

"பசங்க ரெண்டு பேரு, எங்கம்மா, பின்னாடி அம்மாவோட தையல் மிஷின்."

"நீங்க ஓட்டும்போது?"

"நான் மட்டும்தான். அதுக்கென்ன?"

அதுக்கென்னவா! பாரம் ஏறினால்தானே டர்போ முழு மூச்சாக ஊதும்? எல்லாரையும் வரவழைத்தேன். பின்சீட்டில் அக்கா, அவள் மாமியாரான அத்தை, பிள்ளைகள். டிக்கியில் தையல் மிஷின். ஸ்டியரிங்கில் மச்சானேதான்.

பாதி மேட்டில், கேட்ட அழுத்தம் மேலே போக, கிடைத்தது தொப்பென்று கீழே விழுந்தது. கார் முக்கி முனகியது. பின்னால் ஒரு லாரி ஹாரனிலேயே திட்டியது.

"என்னடா, நீயும் அவளை மாதிரியேதான் ஓட்டுறே?" என்றார் அத்தை. எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

திரும்பி வந்து காரைத் தூக்கிப் பார்த்தேன். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு விரிசல். சும்மா இருக்கும்போது மூடியே இருந்தது, உள்ளே அழுத்தம் கூடினால் வாயைப் பிளந்தது. புதுக் குழாய் மாட்டி, அதே கூட்டத்தோடு மறுபடி போனோம். கார் அலுங்காமல் ஏறியது.

அக்கா மச்சானைக் கிழிகிழியென்று கிழிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கண் கலங்கி நின்றாள்.

"எனக்கே என் கால் மேல சந்தேகம் வந்துடுச்சுடா," என்றாள்.

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டே சாவியை நீட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"பீரோவுல இருக்கிற இன்னொரு சாவியையும் எடுத்துக் குடுத்துடுங்க."

"அது எதுக்கு?"

"இனிமே வண்டி வேணும்னா என்னைக் கேளுங்க."