காணிக்கைக் கவரில் இருபது ரூபாய்

முத்தையாபுரத்தில் மூன்றாவது மாடிக்கு அரிசி மூட்டையைச் சுமந்து வருபவருக்கு இருபது ரூபாய்தான் கொடுக்க முடியும் என்று பெனிஷா முடிவு செய்திருந்தாள். அதற்கு மேல் கொடுத்தால் நாளை மாலை வகுப்புக்குப் போக ஷேர் ஆட்டோவுக்குக் காசு இருக்காது. வெறும் தாளாகக் கொடுத்தால் குறைவாகத் தெரியுமே என்ற கூச்சத்தில், கையில் அகப்பட்ட ஒரு கவரில் போட்டு நீட்டினாள்.

டெலிவரிக்கு வந்த டிக்சன் மூச்சு வாங்கியபடி கவரைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இது சபைக் காணிக்கைக் கவருல்லா? நான் கொண்டு கோயில்ல போடணுமாக்கும்?"

"ஐயோ, உங்களுக்குத்தான் அண்ணாச்சி. கொஞ்சந்தான் இருக்கு, அதான்..."

"எனக்குன்னா கைல குடும்மா. இப்பிடி மூடிக் குடுத்தா அம்பது நூறு இருக்கும்னுல்லா ஆச வருது!"

பெனிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவரைப் பிரித்துத் தாளை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.