கிண்ணத்தில் என்ன வந்தது?

கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சொர்ணவல்லி பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

ஐந்து குடித்தனங்கள் இருந்த அந்த வரிசையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் காத்தாயி கடைகளுக்கு அவல் இடித்துக் கொடுத்துப் பிழைப்பவள். விடிந்ததும் உலக்கை விழத் தொடங்கும். ஒவ்வொரு அடிக்கும் இந்தப் பக்கம் சொர்ணவல்லியின் அப்பா ஆவுடையப்பன் படுத்திருந்த கட்டிலருகே தண்ணீர்ச் செம்பின் மூடி கிலுகிலுவென்று ஆடும். சத்தம் வராமலிருக்க அதற்கடியில் ஒரு துணியை மடித்து வைத்திருந்தாள். "பகல்ல ஒரு மணி நேரம் அசந்து தூங்கினாத் தேவலை" என்றிருந்தார் வைத்தியர். கால் வீங்கி அப்பா படுத்து ஒரு மாதமாகிறது; கட்டிலில் இருந்தபடியே விடியற்காலைப் பூசை மணி அடிப்பதை மட்டும் அவர் விடவில்லை.

முதல் முறை கொழுக்கட்டை கொண்டுபோனாள். இரண்டாம் முறை மாவடு. காத்தாயியின் மெலிந்த தோளையும் இடுப்புக் குழந்தையையும் பார்த்ததும், "சும்மாதான் வந்தேன்" என்று திரும்பிவிட்டாள். மறுநாள் கிண்ணம் வெறுமையாக வராது. ஒருமுறை அவல், ஒருமுறை முருங்கைக்கீரை. "கிண்ணத்துல என்னம்மா வந்துச்சு?" என்று அப்பா தலையைத் தூக்கிப் பார்ப்பார். படுக்கையில் கிடந்தவருக்கு வெளியிலிருந்து வந்த புதினம் அது ஒன்றுதான்.

இன்று உலக்கைச் சத்தமே இல்லை. கதவு திறந்திருந்தது. உரல் இருந்த இடத்தில் வட்டமான தடம் மட்டும் இருந்தது. சொர்ணவல்லி கொல்லைப்பக்கம் போனாள். கிணற்றுக்கும் அப்பால், புங்க மரத்தடியில் காத்தாயி இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உரலை இங்கிட்டு கொண்டாந்துட்டே?"

"விடியக்காலம் பெரியவுக பூசை மணி கேக்கலீங்களேக்கா. ஒடம்புக்கு ரொம்ப முடியலையோன்னு நெனச்சேன். இவுகதான் பஸ்ஸுக்குப் போறதுக்கு முந்தி உருட்டிவிட்டுப் போனாக." அவள் கணவன் முத்துராமன் கறம்பக்குடிக்குக் கரியை எரித்து ஓடும் பஸ்ஸில் கிளீனர்.

சொர்ணவல்லி கிண்ணத்தை நீட்டினாள். காத்தாயி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. மணிச் சத்தத்துல தெனமும் புள்ள முழிச்சுக்குது, கொஞ்சம் மெள்ள அடிக்கச் சொல்லுங்கன்னு கேக்கத்தான் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ரெண்டு தடவை வந்தேன். வாயி வரலை."

சொர்ணவல்லிக்கும் சிரிப்பு வந்தது. காத்தாயி ஊறுகாயை மாற்றிக்கொண்டு, கிண்ணம் நிறையச் சூடான அவல் போட்டுக் கொடுத்தாள்.

அப்பா விழித்துத்தான் இருந்தார்.

"எங்கம்மா, உலக்கைச் சத்தத்தைக் காணோம்? கிண்ணத்துல என்ன?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெஞ்சு குலுங்கியது. சிரிப்பா இருமலா என்று முதலில் தெரியவில்லை.

"ரெண்டு தெருவுக்குக் கேக்குதுன்னு பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேனே! ஆண்டவனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். நாளைக்கு மெள்ள அடிக்கிறேன்." பிறகு, "அதைப் பால்ல ஊறப் போட்டுக் குடும்மா" என்றார்.

அவள் பால் காய்ச்சி, வெல்லம் தட்டிப் போட்டுக் கொண்டுவந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் இருந்தார். நன்றாகத் தூங்கட்டும் என்று கிண்ணத்தை மூடி வைத்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

முதலில் ஓடி வந்தது காத்தாயி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கும் அவளே ஓடினாள். கறம்பக்குடியில் இருந்த சொர்ணவல்லியின் தம்பிக்கு முத்துராமன் போய்ச் சொல்ல, அடுத்த பஸ்ஸில் தம்பி வந்து சேர்ந்தான். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

மூன்று நாள் உலக்கைச் சத்தம் இல்லை. நான்காம் நாள் காலையில் தூறல் போட்டது. புங்க மரத்தடியில் காத்தாயி வறுத்த நெல்லைச் சாக்கால் மூடிக்கொண்டு நின்றாள். சொர்ணவல்லி நனைந்துகொண்டே போய் உரலில் கையை வைத்தாள்.

"புடி. உள்ள உருட்டுவோம்."

"எழவு விழுந்த வீடுக்கா. சத்தம் போடலாமா?"

"புடிங்கிறேன்ல?"

உரல் தன் பழைய தடத்தில் போய் உட்கார்ந்தது. சொர்ணவல்லி வீட்டுக்குள் வந்து ஈரத் தலையைத் துவட்டினாள். கட்டில் சுருட்டிய பாயோடு வெறுமையாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கை தயங்கித் தயங்கி விழுந்தது.

செம்பு மூடிக்கு அடியில் மடித்து வைத்திருந்த துணியை எடுத்து உதறி, கொடியில் போட்டாள். மூடி கிலுகிலுக்கத் தொடங்கியது.